ஸ்கேன் அனுப்பினால் சரக்கு கைமாறாது

ஆசிரியருக்கு,

மின்னணு வணிக ஆவணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, காகிதத்துக்குப் பதில் மின்னஞ்சல் போதும் என்கிற தொனியில் இருந்தது. ஏற்றுமதி ஆவணப் பிரிவில் 26 வருடம் குப்பை கொட்டியவன் நான். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றியதும் கப்பல் கம்பெனி தரும் ஆவணம், வெறும் ரசீது அல்ல. அதன் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டுகிறவருக்குத்தான் கப்பல் கம்பெனி சரக்கைக் கொடுக்கும். அதனால்தான் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, நடுக்கடலில் இருக்கும் சரக்கையே விற்க முடிகிறது. வங்கியும் அதை நம்பிப் பணம் தருகிறது. ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று வழக்கமாக மூன்று ஒரிஜினல் போடுவார்கள். அந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிய புத்திசாலி நான். உறை கூரியரில் காணாமல் போனது, கப்பலோ நான்கே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது.

“அதுதான் ஸ்கேன் அனுப்பியிருக்கிறீர்களே, அது போதாதா?” என்று வாங்கியவர் போனில் கேட்டார். ஸ்கேனை நூறு பேருக்கு அனுப்பலாம். நூறு பேரும் சரக்கு கேட்டு வந்து நின்றால்? கடைசியில் வங்கி உத்தரவாதம் கொடுத்து எடுப்பதற்குள் 17 நாள் டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் கட்டணம்) ஏறிவிட்டது.

சட்டச் சிக்கலும் இதேதான். கைவசம் வைத்திருப்பது என்றால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபு. கணினிக் கோப்பை எப்படித் தொடுவது? 1990களின் கடைசியில் வந்த போலெரோ போன்ற மின்னணு ஆவணத் தளங்கள் உறுப்பினர்களுக்குள் ஒப்பந்தம் போட்டுச் சமாளித்தன. ஆனால் அந்த ஒப்பந்தம் வெளியாளைக் கட்டுப்படுத்தாது. அதற்குத்தான் சட்டம் வேண்டும்.

ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 2017-ல் இப்படிக் கைமாறும் மின்னணு ஆவணங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. பஹ்ரைன் 2018-லும் சிங்கப்பூர் 2021-லும் அதைத் தழுவிச் சட்டம் செய்தன. பிரிட்டன் 2023-ல் ஏழே பிரிவுகளில் வேலையை முடித்துவிட்டது. (நான் பார்த்த வங்கிப் படிவங்கள் சில அதைவிட நீளம்.) எந்த மென்பொருள் என்று பிரிட்டன் சட்டம் பெயர் சொல்லவில்லை. ஆவணம் ஒரு நேரத்தில் ஒருவர் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுத்ததும் கொடுத்தவருக்கு அதன்மேல் பிடி இருக்கக் கூடாது. முக்கியமான நிபந்தனை இதுதான், காகிதம் இத்தனை காலம் தானாகவே செய்துவந்த காரியம்.

சட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாங்குகிறவரின் நாடு மின்னணு ஆவணத்தை ஏற்காவிட்டால், வழியிலேயே அதைக் காகிதமாக மாற்றிக்கொள்ள இடம் வையுங்கள். பிரிட்டன் சட்டத்தில் அது இருக்கிறது. மாற்றியது என்ற குறிப்பு புதிய ஆவணத்தில் இருக்கட்டும், பழையது அந்தக் கணமே செல்லாமல் போகட்டும். இல்லாவிட்டால் கணினியில் ஒன்று, கையில் ஒன்று என்று ஒரே சரக்குக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஆவண அலுவலர்