1202 எச்சரிக்கை: அன்று கணினி கைவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலவில் மனிதன் கால் வைத்த நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோவியத் தரப்பின் உழைப்பையும் விடாமல் சொல்லியிருந்தது நிறைவாக இருந்தது. ஆனால், "இறங்கும் நேரத்தில் கணினி செயலிழந்துவிட, ஆம்ஸ்ட்ராங் அதை அணைத்துவிட்டுக் கையாலேயே கலத்தை இறக்கினார்" என்ற வரி தவறு. பல ஆண்டுகளாகப் பலரும் எழுதிவரும் தவறு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11-இன் ஈகிள் இறங்குகலம் நிலவிலிருந்து சுமார் 15 கி.மீ. உயரத்தில் இன்ஜினை இயக்கி இறங்கத் தொடங்கியது. தரையைத் தொட ஏறத்தாழ பன்னிரண்டரை நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் கடந்து, உயரம் 10 கி.மீ. அளவுக்கு வந்தபோது திரையில் 1202 என்ற எண் வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் 1202 நான்கு முறை, 1201 ஒரு முறை என மொத்தம் ஐந்து எச்சரிக்கைகள். இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும்.

ஈகிளில் இருந்த கணினியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள்தான். ஒரு சொல் என்பது 15 பிட்டும் ஒரு சரிபார்ப்பு பிட்டும். ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் அதற்கு 12 சொல் கொண்ட சிறு இடம் ஒன்று ஒதுக்கப்படும். பெரிய கணக்குள்ள வேலையாக இருந்தால் கூடுதலாக 44 சொல் கொண்ட இடம். சிறு இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகும் புது வேலை வந்தால் 1202. பெரிய இடங்கள் தீர்ந்துபோனால் 1201. "வந்த வேலைகளை வைக்க இடம் இல்லை" என்று கணினி சொன்னது, அவ்வளவுதான்.

வேலைகள் ஏன் தேங்கின? இறங்கும்போது 2 வினாடிக்கு ஒருமுறை ஒரு பெரிய வேலை தொடங்கும். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளைப் படித்து, இருப்பிடத்தையும் வேகத்தையும் கணித்து, இன்ஜின் விசையையும் கலத்தின் சாய்வையும் தீர்மானிப்பது அதுதான். அது 2 வினாடிக்குள் முடியாவிட்டால், முந்தையது முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கும். ஒவ்வொன்றும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்று முடியாமல் போனதற்குக் காரணம், இறங்குவதற்குத் தேவையே இல்லாத ஒரு ரேடார்.

சுற்றுப்பாதையில் தாய்க்கலத்தைத் தேடிச் சேர்வதற்கான ரேடார் அது. பாதியில் கைவிட்டுத் திரும்ப நேர்ந்தால் உதவும் என்று அதை இயக்கி வைத்திருந்தார்கள். அதன் சுவிட்ச், கணினியின் கட்டுப்பாட்டுக்கு விடும் நிலையில் இல்லாமல் வேறு நிலையில் இருந்தது. அந்த நிலையில் ரேடார் கோணத்தைக் காட்டும் மின்சுற்றுக்கு 800 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓரிடத்திலிருந்தும், அந்தக் கோணத்தைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் சுற்றுக்கு அதே 800 ஹெர்ட்ஸ் வேறோரிடத்திலிருந்தும் வரும். இரண்டின் அதிர்வெண் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அலைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பதை யாரும் உறுதிசெய்யவில்லை. எந்தக் கணத்தில் மின்சாரம் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி அமையும்; அன்று மோசமாக அமைந்தது. அசையாத ரேடார் ஓயாமல் ஆடுவதாகக் கணினிக்குத் தகவல் போனது. இரண்டு கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு 6,400 துடிப்பு வரை. ஒவ்வொரு துடிப்பும் 11.7 மைக்ரோ வினாடியை விழுங்கும். பெருக்கிப் பார்த்தால், கணினி நேரத்தில் நூற்றுக்கு 15 பங்கு வீண். இறங்கும்போது உபரியாக வைத்திருந்த நேரமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதன் மேல், ஆம்ஸ்ட்ராங்குடன் கலத்தில் இருந்த ஆல்ட்ரின், தரையை அளக்கும் ரேடார் சொன்ன உயரத்துக்கும் கணினி கணித்த உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் பார்க்க 'வெர்ப் 16 நவுன் 68' என்ற கட்டளையை விசைகளில் அழுத்தியபோது கூடுதல் சுமை ஏறி, எச்சரிக்கை வந்தது.

சுவிட்சை ஆல்ட்ரின் மறந்து விட்டுவிட்டார் என்று எழுதுவோரும் உண்டு. அது அநியாயம். கையில் இருந்த செயல்பட்டியலின்படியே அவர் செய்தார். பயிற்சி சிமுலேட்டரில் இந்த மின்னிணைப்பு அசல் கலத்தில் உள்ளபடி இல்லாததால் ஒத்திகையில் இந்தக் கோளாறு தலைகாட்டவும் இல்லை.

இனி, கட்டுரை விட்டுவிட்ட முக்கியப் பகுதிக்கு வருகிறேன். எச்சரிக்கை வந்ததும் கணினி வரிசையில் இருந்த எல்லா வேலைகளையும் ஒரே அடியாகத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு முக்கிய வேலையும் தான் எதுவரை வந்திருக்கிறது என்பதை அவ்வப்போது குறித்து வைத்திருக்கும். கணினி அந்தக் குறிப்பைப் பார்த்து, கலத்தைச் செலுத்தும் வேலைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தேங்கிக் கிடந்த பழைய நகல்களும் ஆல்ட்ரின் கேட்ட திரைக்காட்சியும் போயின. இன்ஜின் நிற்கவில்லை, இருப்பிடக் கணக்கு தொலையவில்லை. ஐந்து முறையும் இப்படியே.

தற்செயலாக அமைந்ததல்ல இது. எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகத்தில் ஹால் லேனிங் வகுத்த முன்னுரிமை முறையும், மார்கரெட் ஹாமில்டன் தலைமையில் எழுதப்பட்ட நிரல்களும் இதற்காகவே உருவானவை. நிரல் இருந்த நிலை நினைவகம், சிறு காந்த வளையங்களின் ஊடே கம்பியைக் கையால் கோத்துச் செய்தது. கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே போனால் 0. ரேதியான் நிறுவனத்தின் வால்தம் தொழிற்சாலையில் பெண்கள் கோத்த 36,864 சொற்கள் அவை. ஒருமுறை கோத்து மூடிவிட்டால் பறக்கும்போது ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால்தான், எதிர்பாராத எது நடந்தாலும் விழுந்து எழும்படி நிரலை எழுதினார்கள். இப்படிப்பட்ட கணினியைச் சிலர் கால்குலேட்டரோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஹூஸ்டன் தரைக்கட்டுப்பாட்டு மையத்தில் நடந்ததும் அதே தரத்தில் இருந்தது. பறப்பதற்கு இரு வாரம் முன்பு நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழிகாட்டல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ் இறங்குவதைக் கைவிடச் சொன்னார்; அது தேவையற்ற முடிவு என்று பிறகு தெரிந்தது. அதன் பின் வரக்கூடிய எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று, பேல்ஸுக்குத் துணையாக இருந்த பொறியாளர் ஜாக் கார்மன் கைப்பட ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 24 வயது. விடாமல் தொடர்ந்து வந்தால்தான் ஆபத்து, விட்டுவிட்டு வந்தால் தொடரலாம் என்பது அவர் சொன்ன விதி. 1202 என்ற எண் காதில் விழுந்து அரை நிமிடத்துக்குள் "தொடரலாம்" என்ற பதில் நிலவுக்குப் போனது.

ஆம்ஸ்ட்ராங் கையால் இறக்கியது பற்றி. பாறைகள் சிதறிக் கிடந்த பெரும்பள்ளம் ஒன்றை நோக்கிக் கலம் போவதைக் கண்டு, அதைத் தாண்டிச் செல்லக் கடைசிக் கட்டத்தில் அவர் பிடியைக் கையில் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் அன்று அந்தப் பிடி நேராக எந்த இன்ஜினையும் இயக்கவில்லை. அவர் அசைத்ததைக் கணினி படித்து, 16 சிறு உந்திகளில் எதை எரிப்பது என்று முடிவு செய்தது. இடக்கைப் பக்கச் சுவிட்சை ஒருமுறை தட்டினால் இறங்கும் வேகம் வினாடிக்கு ஓர் அடி கூடும் அல்லது குறையும். அதற்கேற்ப இன்ஜினைக் கூட்டிக் குறைத்ததும் கணினியே. மாற்று வழிகாட்டிக் கருவி ஒன்றும் இருந்தது. அது கைவிட்டு மேலேறுவதற்கு மட்டுமே, இறங்குவதற்கு அல்ல. கணினியை அணைத்திருந்தால் அன்று இறங்கியிருக்கவே முடியாது. இன்னொன்று: கையால் செலுத்தும் இந்த முறைக்கு மாறியதும் கணினியின் சுமை குறைந்தது, அதன் பிறகு எச்சரிக்கை வரவே இல்லை.

"30 வினாடி எரிபொருளே மிச்சம்" என்று பலரும் சொல்வதும் திருத்த வேண்டியது. ஹூஸ்டன் சொன்ன 60, 30 வினாடிகள் எரிபொருள் தீரும் நேரம் அல்ல. 'உடனே இறங்கு அல்லது கைவிடு' என்ற முடிவை எடுக்க வேண்டிய புள்ளி வரையிலான நேரம். அந்தப் புள்ளியிலும் சுமார் 20 வினாடிக்கு எரிபொருள் இருக்கும். தவிர, தொட்டிக்குள் திரவம் தளும்பியதால் 'எரிபொருள் குறைவு' விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது. பிறகு கணக்கிட்டதில் தரை தொட்டபோது ஏறக்குறைய 45 வினாடிக்கு இருந்தது தெரிந்தது. பின்னர் சென்ற கலங்களில் தளும்பலைக் குறைக்கத் தொட்டிக்குள் கூடுதல் தடுப்புகள் வைத்தார்கள்.

ரேடார்தான் காரணம் என்பதைப் பொறியாளர்கள் அன்றிரவே தேடிக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் நிலவிலிருந்து கிளம்பும் முன், அந்தச் சுவிட்சைக் கணினி நிலைக்கு மாற்றிவிடும்படி இருவருக்கும் சொல்லப்பட்டது.

பள்ளி மாணவர்கள் பலர் தங்கள் இதழைப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறார்கள். அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்