‘பேலட்’ என்னும் சொல்லுக்கு நேரே என்ன எழுதுவது? ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைப் பிழைப்பாகக் கொண்டவள் நான். உங்கள் அகராதிகள் என் மேசையை விட்டு அகல்வதில்லை. அந்த நன்றியோடுதான் ஒரே ஒரு சொல்லுக்கான பதிவை மட்டும் மறுபடி பார்க்குமாறு கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘பேலட்’ என்று ஒலிக்கும் அந்தச் சொல், வாயின் மேற்கூரையையும் குறிக்கும்; உணவின் நயம் அறியும் திறனையும் குறிக்கும். தமிழில் இவை இரண்டும் ஒரே சொல்லுக்குள் வாழ்வதில்லை. நான் புரட்டும் அகராதிகள் பெரும்பாலும் ‘அண்ணம், மேல்வாய், சுவையுணர்வு’ என்று ஒரே வரியில் காற்புள்ளியிட்டு அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதை அந்தக் காற்புள்ளிகள் சொல்வதில்லை.

ஒரே மாதத்தில் என்னிடம் வந்த இரண்டு வேலைகள்தான் இதை எனக்கு உறைக்க வைத்தன. ஒன்று சமையல் பற்றிய கட்டுரை. அதை முதலில் ஒரு மென்பொருள் தமிழாக்கியிருந்தது. நான் சரிபார்க்க வேண்டியிருந்தது. நுட்பமான சுவையறிவு உள்ளவர்கள் என்று வரவேண்டிய இடத்தில் ‘சுத்திகரிக்கப்பட்ட அண்ணம் கொண்டவர்கள்’ என்று இருந்தது. இரண்டு பதார்த்தங்களுக்கு நடுவே வாயில் தங்கிய முந்தைய சுவையைப் போக்குவதற்காகக் கொடுக்கும் எலுமிச்சைப் பனிக்கூழுக்கு ‘அண்ணத் துப்புரவி’ என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. மற்றொன்று, பிறவியிலேயே மேல்வாய் பிளந்த குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு மருத்துவமனை அச்சிட்ட துண்டறிக்கை. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் ‘அன்னப் பிளவு’ என்று இருந்தது. முதல் வேலையில், அண்ணம் வரக்கூடாத இடத்தில் வந்து நின்றது. இரண்டாவதில், அது வந்தே தீரவேண்டிய இடத்தில் சோறும் பறவையும் ஆகிவிட்டது.

உடலுறுப்பிலிருந்து தொடங்குகிறேன். அண்ணம் நமக்குப் புதிய கலைச்சொல் அன்று. எழுத்துகள் பிறக்கும் இடங்களைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டை எண்ணுகிறது. நாவின் அடி அண்ணத்தைச் சேரக் ககர ஙகரமும், இடை சேரச் சகர ஞகரமும், நுனி சேர டகர ணகரமும் பிறக்கும் என்று அது வரிசைப்படுத்துகிறது. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று அது சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் தன் வாய்க்குள் நாவை நகர்த்திப் பார்த்துக்கொண்டே எழுதினார் என்றுதான் எனக்குத் தோன்றும். ‘அண்’ என்பது மேல் என்று பொருள்படும் அடி. தலையை உயர்த்தி அண்ணாந்து பார்க்கிறோம். உதடு படாமல் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறோம். தொண்டையின் வாயிலில் தொங்கும் உள்நாக்குக்கு அண்ணாக்கு என்றும் ஒரு பெயர் உண்டு. மலையாளத்திலும் அண்ணாக்கு என்ற சொல் வழக்கில் இருக்கிறது.

இவ்வளவு வேரோடிய சொல் எப்படி அன்னம் ஆனது? பேச்சில் ணகரமும் னகரமும் பலருக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. கடலை உருண்டை தின்றால் ‘மேலன்னத்தில் ஒட்டிக்கொண்டது’ என்றுதான் வீடுகளில் கேட்டு வளர்ந்தோம். பேச்சில் அது குற்றமில்லை. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்தபின் இந்தச் சொல்லை அச்சில் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பார்க்காத சொல்லை எழுத நேரும்போது கை தானாகவே தெரிந்த சொல்லை எழுதிவிடுகிறது. இலவச அறுவைச் சிகிச்சை முகாம்களின் சுவரொட்டிகளிலும் செய்தித்தாள்களிலும் ‘உதட்டுப் பிளவு, அன்னப் பிளவு’ என்றே அது நிலைபெற்றுவிட்டது. நல்ல நோக்கத்தோடு எழுதியவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர்கள் ஐயம் தீர்த்துக்கொள்ள அகராதிக்கு வந்தபோது அங்கே போதிய துணை கிடைத்ததா என்பதே என் கேள்வி.

இந்த ஒரு எழுத்து யாருக்கு முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவின் ஆறாவது வாரத்துக்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் இடையே, இரு பக்கங்களிலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் இணைந்து வாயின் மேற்கூரை உருவாகிறது. அந்த இணைப்பு முழுமை பெறாத குழந்தைக்கு வாய்க்கும் மூக்குக்கும் நடுவே திறப்பு நின்றுவிடுகிறது. உறிஞ்சிக் குடிக்க முடியாமல் குழந்தை களைத்துப்போகும். குடித்த பாலும் மூக்கு வழியே வந்துவிடும். காதில் அடிக்கடி தொற்று வரும். வழக்கமாக ஒன்றரை வயதுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிடச் சொல்கிறார்கள். அதற்குப் பின்னும் பல குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது. நம் இலக்கணத்தின் பாகுபாடு இங்கே வியக்கத்தக்க வகையில் பொருந்திவருகிறது. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகளுக்கு வாய்க்குள் காற்று அடைபட்டுத் திறக்க வேண்டும். மூடப்படாத அண்ணத்தின் வழியே அந்தக் காற்று மூக்குக்குக் கசிந்துவிடுகிறது. மெல்லெழுத்துகளோ மூக்கின் வளியால் பிறப்பவை. ஆகவே அவை ஓரளவு தப்பிக்கின்றன. ‘அப்பா’ என்று சொல்ல முயலும் குழந்தையின் வாயிலிருந்து ‘அம்மா’ போன்ற ஓர் ஒலி வருவது இதனால்தான். அந்தக் குழந்தையின் தாய் முதல் நாள் கையில் வாங்கும் தாளில், எந்த உறுப்பில் குறை என்பதாவது சரியான பெயரோடு இருக்க வேண்டாமா? ‘சோறு ஊட்டியதால் வந்த பிளவா?’ என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டிருக்கிறார். கைக்குழந்தை இன்னும் சோறே தொட்டிருக்கவில்லை.

அடுத்தது சுவை. சுவையை அண்ணத்தில் ஏற்றியது ஆங்கிலம் தானாகச் செய்தது அன்று. அச்சொல்லின் மூலமான இலத்தீன் ‘பலாட்டும்’ என்பதே இரு பொருளையும் சுமந்தது. பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றில் அதன் வழிவந்த சொற்களும் அப்படியே. இலத்தீன் வழிவராத ஜெர்மன் சொல்லான ‘கௌமன்’ கூட மேல்வாயையும் சுவையறிவையும் சேர்த்தே குறிக்கிறது. ஐரோப்பாவில் அண்ணமே சுவையின் இருப்பிடம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1867இல் ஜெர்மனியின் குஸ்டாவ் ஷ்வால்பேயும் சுவீடனின் கிறிஸ்டியான் லோவேனும் தனித்தனியே நாவின் சுவை மொட்டுகளைக் கண்டு விவரித்த பின்னும் அந்தச் சொல்வழக்கு மாறவில்லை. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. எலும்பாலான முன்அண்ணத்துக்குச் சுவை அறிவதில் பங்கு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் தசையாலான பின்அண்ணத்தில் சுவை மொட்டுகள் உண்டு. வாயில் மெல்லும் உணவின் மணம் தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறுவதும் அந்த மென்மையான பகுதிக்குப் பின்னால்தான். சளி பிடித்தால் குழம்பு சப்பென்று இருப்பதற்கு அந்த வழி அடைபட்டதே காரணம். நெல்லிக்காயின் துவர்ப்பையும் மிளகின் காரத்தையும் நா மட்டுமா உணர்கிறது? வாய் முழுவதும், மேற்கூரை உட்பட, அவற்றை உணர்கிறது. நம் முன்னோர் அவற்றையும் அறுசுவைக்குள் சேர்த்தார்கள்.

ஆயினும் தமிழ் சுவையைச் சொல்லும்போது அண்ணத்தைக் கூப்பிடுவதில்லை. காய்ச்சல் விட்டவர் ‘நாக்கு செத்துப்போச்சு’ என்கிறார். விதவிதமாகக் கேட்கிறவரை ‘நாக்கு நீளம்’ என்று கண்டிக்கிறோம். பிடித்ததை நினைத்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது; நோயாளிக்கு ‘வாய்க்கு ருசியாக’ ஏதாவது செய்துகொடுக்கச் சொல்கிறோம். பித்தம் மிஞ்சினால் வாய் கசக்கிறது. நுணுக்கமாகச் சுவை பார்க்கத் தெரிந்தவரை ‘நல்ல நாக்கு’ என்று சமையற்காரர்கள் பாராட்டக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு வளம் நாவிலும் வாயிலும் குவிந்திருக்க, அகராதி அண்ணத்தை முதலில் நிறுத்திவிட்டால், மொழிபெயர்க்கிற மாணவர் அதையே எடுத்துக்கொள்வார். அவருக்கு வேறென்ன தெரியும்?

இதற்கு வழிகாட்டும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. எபிரேய மொழியில் மேல்வாயைக் குறிக்கும் ‘ஹேக்’ என்ற சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போலவே சுவைக்கும் ஆகிவரும். நாம் பரவலாகப் படிக்கும் தமிழ் வேதாகமத்தில், சங்கீதம் 137:6இல் நாவு போய் ஒட்டிக்கொள்ளும் உறுப்பாக அது வருகையில் ‘மேல்வாய்’ என்று இருக்கிறது. யோபு 12:11இல் உணவை ருசிபார்ப்பதாக வருகையில் ‘வாய்’ என்று இருக்கிறது. சங்கீதம் 119:103இல் வார்த்தைகள் இனிக்கும் இடமாக வருகையில் ‘நாவு’ என்று இருக்கிறது. மூலத்தில் ஒரே சொல், தமிழில் மூன்று. அந்தந்த இடத்தில் தமிழர் எந்த உறுப்பைச் சொல்வார் என்று கேட்டுப் பார்த்தே அதை மொழிபெயர்த்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். சமய நூல் என்பதற்காக இதை நான் எடுத்துக்காட்டவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த அகராதிப் பதிவு அந்த மூன்று வசனங்களில் கிடைத்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ‘பேலட்’ என்ற பதிவை இரண்டு எண்ணிட்ட பொருள்களாகப் பிரியுங்கள். முதலாவதில் அண்ணம், மேல்வாய் என்று கொடுத்து, ‘உடற்கூறு, ஒலியியல், மருத்துவம்’ என்று துறை குறியுங்கள். முன்னும் பின்னுமான பகுதிகளுக்கு வல்லண்ணம், வன்னண்ணம், மெல்லண்ணம், மென்னண்ணம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். நீங்கள் ஓர் இணையைத் தேர்ந்து சொன்னால் நாங்கள் பின்பற்றுவோம். இரண்டாவதில் சுவையறிவு, நாச்சுவை, நா, வாய் என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்காட்டாகச் சேருங்கள். ‘அவருக்கு நல்ல நாக்கு, ஒரு கரண்டி ரசத்தில் என்ன குறை என்று சொல்லிவிடுவார்’ என்பது போன்ற வாக்கியம் பத்து இணைச்சொற்களைவிட உதவும். ‘பேலட்டபிள்’ என்ற உரிச்சொல்லையும் இப்படியே நடத்தலாம். உணவைப் பற்றி வந்தால் ‘வாய்க்குப் பிடித்த’ என்றும், செய்தியைப் பற்றி எதிர்மறையாக வந்தால் ‘கசப்பான’ என்றும் எழுதினாலே போதும். ‘கசப்பான உண்மை’ நம் நாவில் எப்போதும் இருப்பதுதான். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஆகிவிடும் வேறு இரண்டு ஆங்கிலச் சொற்களும் உண்டு. ஒன்று ஓவியரின் வண்ணத்தட்டு; மற்றொன்று கிடங்குகளில் சரக்கு அடுக்கும் மரத்தட்டு. ஆங்கில எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் மூன்றையும் குழப்புகிறார்கள். எனவே ‘ஒப்பிடுக’ என்று ஒரு குறிப்பு அங்கே தேவை.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகப் படுகிறது. இணைய அகராதிகளிலாவது ‘அன்னப் பிளவு’ என்பதைத் தனிப் பதிவாகச் சேர்த்து, ‘பிழை வழக்கு, காண்க: அண்ணப் பிளவு’ என்று எழுதுங்கள். பிழையை அகராதியில் ஏற்றலாமா என்று தயங்குவீர்கள் என்பதை அறிவேன். ஆனால் தேடுகிற பெற்றோர் மூன்று சுழி ணகரத்தோடு தேடப்போவதில்லை. கையிலுள்ள தாளில் இருப்பதைத்தான் தட்டச்சு செய்வார்கள். அவர்களைச் சரியான சொல்லுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக அந்த ஒரு வரி வேண்டும்.

நான் குறிப்பிட்ட துண்டறிக்கைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ‘எல்லா இடத்திலும் அன்னம் என்றுதானே இருக்கிறது, எந்த அகராதியில் பிழை என்று போட்டிருக்கிறது?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணம் என்ற சொல் இருக்கும் அகராதிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்னம் பிழை என்று சொல்லும் பக்கம் என் கைக்கு எட்டிய நூல்களில் கிடைக்கவில்லை. அடுத்த அச்சுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்றார்கள். அதற்குள் உங்களிடமிருந்து அந்தப் பக்கம் வந்தால், அதையும் இணைத்து மறுபடியும் அனுப்புவேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்