இரட்டை மாடி விமானத்தில் பாதுகாப்பு விளக்கம் எங்கள் மொழியிலும் வேண்டும்

ஏ380 என்ற இரட்டை மாடி விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஆந்திராவின் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வளைகுடா போகிற எங்கள் பக்கத்து ஜனங்கள், ரயிலேறி பங்காருபேட்டை வழியாக பெங்களூரு போய் விமானம் பிடிக்கிறார்கள். 2022 அக்டோபர் கடைசியிலிருந்து துபாய் நிறுவனமான எமிரேட்ஸின் ஏ380 அங்கே வருகிறது. அவ்வளவு பெரிய விமானத்தில் நம் ஆட்கள் போவது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு கவலை. 2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இந்த விமானத்துக்கு நடந்த அவசர வெளியேற்றச் சோதனையில், 16 கதவுகளில் பாதியை மட்டும் திறந்து, இருட்டில், பயணிகளும் ஊழியர்களுமாக 873 பேர் 78 நொடியில் வெளியேறினார்கள். விதி தரும் நேரம் 90 நொடி. மேல்மாடிக் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். அங்கே நின்று யோசிக்க நேரமில்லை, கதவிலிருந்து விரியும் காற்றடைத்த சறுக்கில் உடனே குதிக்க வேண்டும். சொல்வது புரியாத பத்துப் பேர் வழியில் நின்றுவிட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும்?

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன போயிங் 777 ஓடுபாதையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அந்தப் புகைக்குள்ளும் பலர் மேலே வைத்த பையை எடுக்க நின்றார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல்முறை வெளிநாடு போகிற ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், கடன் வாங்கிய பணம் எல்லாமே அந்தப் பைக்குள்தான். அதை விட்டுவிட்டு ஓடு, பை சறுக்கைக் கிழிக்கும், பின்னால் வருபவரை மறிக்கும் என்று அவருக்குப் புரிகிற பேச்சில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

உங்கள் இருக்கைத் திரையில் தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் ஓடுகின்றன. அதே திரையில், விமானம் நகரும் முன் வரும் பாதுகாப்புக் காணொளியும் இந்த இரண்டு மொழிகளிலும் ஒலிக்கட்டும். எழுத்து மட்டும் போதாது, படிக்கத் தெரியாதவர்களும் வருகிறார்கள். பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

பெங்களூரு தடத்திலேயே தொடங்கலாம். வெளியிடும் முன், வளைகுடா போய் வந்த எங்கள் ஊர்க்காரர் சிலரிடம் போட்டுக் காட்டி, புரிகிறதா என்று கேளுங்கள். ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
குப்பம்வாசி ஒருவர்