ஏர்கான் அறையில் சோதித்தது போதாது: கணினி கொடுக்கும் தொண்டூழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கணினிகளைச் சீர்செய்து வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்துவரும் தொண்டூழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிறுவனங்கள் கழித்துவிடும் மேசைக் கணினிகளை வாங்கி, துடைத்து, தரவு சேமிக்கப் புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏற்றி, வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளையின் மேசைவரை தூக்கிக்கொண்டு போய் வைக்கிறீர்கள். 2020 ஏப்ரலில் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். அன்று இந்த வேலையில் இறங்கியவர்களில் பலர் இன்னும் அதை விடவில்லை. கணினி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இப்படிக் கொடுக்கப்பட்ட கணினிகளும் அவ்வப்போது என் கைக்கு வருகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கணினியைக் கொடுப்பதற்கு முன்னால், அது போய் நிற்கப்போகும் வீட்டின் வெக்கையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

நீங்கள் வேலை செய்யும் இடம் பெரும்பாலும் ஓர் அலுவலகம், இல்லையென்றால் சமூக மன்றத்தின் ஓர் அறை. ஏர்கான் 22, 23 டிகிரியில் ஓடும். கணினி நன்றாகத் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, கேமரா வேலை செய்கிறது, சரி என்று டிக் போட்டுவிடுகிறோம். அது போய்ச் சேரும் இடமோ ஓரறை, ஈரறை வாடகை வீடு. ஏர்கான் இருக்காது. சன்னல் மேற்குப் பார்த்திருந்தால் மூன்று மணி வெயில் நேராக மேசைமேல் விழும். சிங்கப்பூரில் பகல் உச்சம் ஆண்டு முழுவதும் 31, 32 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மார்ச்சிலிருந்து மே வரை அதற்கும் மேலே போகும் நாள்கள் நிறைய. 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானது. அலுவலகக் கணினிகளின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சுற்றுப்புற வெப்பநிலை 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும்.

இதில் உள்ள கணக்கு எளிது. செயலியின் (கணினிக்கு மூளையான சிப்பின்) சூட்டை, அதன்மேல் உட்காரும் உலோகத் தகட்டுக் கட்டான ஹீட்சிங்க்கும் விசிறியும் சேர்ந்து அறைக் காற்றுக்குள் தள்ளுகின்றன, வேறெங்கும் தள்ள வழியில்லை. அதனால் செயலி எப்போதும் அறையைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற வித்தியாசத்தில்தான் இருக்கும். அதே வேலை, அதே விசிறி வேகம் என்றால், 22 டிகிரி அறையில் 78 காட்டிய செயலி 32 டிகிரி அறையில் ஏறக்குறைய 88 காட்டும். அப்புறம் அந்தப் பெட்டியைக் கதவு வைத்த மர மேசை அறைக்குள் தள்ளிவைத்தால், தான் வெளியே விட்ட சூட்டையே அது திரும்ப உள்ளே இழுக்கும். இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் பலவற்றுக்கு எல்லை, அதாவது தாங்கும் உச்சச் சூடு, 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் செயலிகளில் பலவற்றுக்கு 95, சிலவற்றுக்கு 90. உங்கள் மேசையில் வசதியாக இருந்த கணினி, அந்த வீட்டில் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கிறது.

தரவு நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டல நாடுகளில் உள்ள தரவு நிலையங்களுக்கென்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023ல் ஒரு தரநிலையைக் கொண்டுவந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, வெப்பநிலையைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் உயர்த்துவது எப்படி என்று அது வழிகாட்டுகிறது. பொறியாளர்கள் இரவும் பகலும் கண்காணிக்கும் இடத்தில் 26 டிகிரிக்கே அத்தனை ஏற்பாடு. 33 டிகிரி வீட்டில், கண்காணிக்க ஆளே இல்லாமல் நிற்கும் பத்து வயதுக் கணினிக்கு நாம் ஒரு மதிய நேரமாவது செலவிட வேண்டாமா?

என் மேசைக்கு வரும் கணினிகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மூடியைக் கழற்றினால் வெளிப்புறம் பளிச்சென்று துடைத்திருக்கும், விசிறியின் இறகுகளும் சுத்தமாக இருக்கும். ஆனால் விசிறியைக் கழற்றிப் பார்த்தால், அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் ஒட்டிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விசிறி முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் உள்ளே போகாது. நம் வீடுகளில் இன்னும் ஒன்று உண்டு. சமையலின் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் சேர்ந்து அந்தத் தூசியைப் பசையாக்கிவிடும். ஊதினால் போகாது, பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வேண்டும்.

அதற்கடியில் தெர்மல் பேஸ்ட். கணினி தொழிற்சாலையில் இருந்து வந்த அன்று வைத்த பேஸ்ட் பல வருடங்களில் காய்ந்து, ஹீட்சிங்க்கைத் தூக்கினால் பொடியாக உதிரும். செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பதற்குத்தான் அந்தப் பேஸ்ட். காய்ந்து விரிசல் விட்டால் அங்கே காற்று புகுந்துகொள்ளும், காற்றோ சூட்டைக் கடத்துவதில் படுமோசம். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதியதை நடுவில் வைத்து ஹீட்சிங்க்கை நேராக அழுத்தினால் போதும். ஒரு சிறிய குழாய் பேஸ்ட் பல கணினிகளுக்கு வரும். நன்கொடைப் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை என்றே சொல்வேன். ரேம் நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்குவதற்கு முன்னால் பேஸ்டை மாற்றுங்கள்.

இன்டெல் செயலியோடு வரும் வட்ட விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் தனிக் கவனம் வேண்டும். மூலைக்கு மூலை எதிர்எதிராக அழுத்த வேண்டும். நான்கிலும் டக் என்ற சத்தம் வர வேண்டும். அப்புறம் செயலி பொருந்தியிருக்கும் மதர்போர்டைத் திருப்பி, பின்பக்கம் நான்கு முனைகளும் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆணி முழுதாக இறங்காவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும். ஏர்கான் அறையில் சும்மா திறந்து மூடினால் அது தெரியவே தெரியாது. தெரிவது வீட்டுக்குப் போன பிறகு, பிள்ளை வீடியோ வகுப்பில் இருக்கும்போது.

'செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளுமே' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான். எல்லையை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கணினியே அணைந்துவிடும். செயலி எரிவது அபூர்வம். ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரிகிறது? காலையில் நன்றாக ஓடும் கணினி மதியம் ஆமை மாதிரி நகர்கிறது. பிள்ளை பேசும்போது சூமில் படம் உறைகிறது. தேர்வுக்கு முந்தின நாள் கணினி தானாக அணைகிறது. காரணம் சூடு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 'ஓசியில் வந்தது இப்படித்தான் இருக்கும்' என்று அந்தத் தாய் நினைத்துக்கொள்கிறார். பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைக்கிறது. எனக்கு இதுதான் தாங்கவில்லை. அப்புறம் அந்தக் கணினி குப்பைத் தொட்டி ஓரத்தில் நிற்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. பத்து நிமிடத் தூசித் துடைப்பில் பிழைத்திருக்கக்கூடிய ஒரு பெட்டி அதில் சேர வேண்டியதில்லை.

செயலிக்கு இருக்கிற பாதுகாப்பு மற்ற பல பாகங்களுக்கு இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கு 60 டிகிரி எல்லை என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகப் போடுகிறார்கள். என் கணக்கில் 50ஐத் தாண்டினாலே அதற்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் உள்ள, மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளைகளான எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் 85 அல்லது 105 டிகிரிக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுபவை. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. தலை உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்தால் அந்தப் பவர் சப்ளையைக் கொடுக்காதீர்கள், உள்ளே திறந்து சரிசெய்யவும் பார்க்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சரி, எப்படிச் சோதிப்பது? மதியம் இரண்டு மணிக்கு ஏர்கானை அணைத்து, சன்னலைத் திறந்துவையுங்கள். அறை 30 டிகிரிக்கு மேல் வரட்டும். கணினியின் மூடியைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள், திறந்துவைத்து ஓட்டினால் அது சோதனை ஆகாது. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. செயலிக்கு முழு வேலை கொடுக்கும் ஓசிசிடி, பிரைம்95 மாதிரி சோதனை மென்பொருள் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் முழுச் சுமையில் விடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாக நேரம் எடுக்கும். கடைசியில் செயலி 85க்குள் நின்றால் கொடுக்கலாம். 90ஐத் தாண்டினால் பேஸ்ட், தூசி, ஆணி என்று வரிசையாகப் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில், செயலியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் டர்போவை அணைத்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பள்ளி வேலைக்கு அது தடையாக இருக்காது. கிராபிக்ஸ் கார்டு இருந்து அதற்கு ஒரு தேவையும் இல்லை என்றால் கழற்றிவிடுவது நல்லது. அதன் சூடாவது குறையும்.

சுத்தம் செய்யும்போது காற்றடித்தால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்கும் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும்.

கொண்டுபோகும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். ஏர்கான் அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த பெட்டியை வெளியே எடுத்தால், மூக்குக்கண்ணாடியில் பனி படிவதைப்போல உள்ளே தகடுகளிலும் ஈரம் படியும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரப்பதம். வீட்டில் இறக்கியவுடன் ஸ்விட்சைப் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் குடும்பத்தோடு பேசலாம்.

பேசும்போது இதையும் சொல்லுங்கள்: பெட்டி மேசை அறைக்குள் வேண்டாம், தரையிலும் வேண்டாம், சின்ன முக்காலிமேல் வையுங்கள், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், வெயில் படும் சன்னலுக்கும் சாமி மாடத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடியைக் கழற்றி வைத்தால் சூடு குறையும் என்று சிலர் செய்வார்கள். சிறிது குறையலாம், ஆனால் பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறிவிடும், சின்னப் பிள்ளைகள் விரலை விடுவார்கள். அதற்குப் பதில் அறை விசிறியைப் பெட்டியின் முன்பக்கம் பார்த்துத் திருப்பிவைக்கலாம். பெரியவர்களிடம் சொல்வதோடு நிறுத்தாமல் அந்தப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் நம்மைவிட ஒழுங்காகப் பார்க்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதித்த தேதி, அப்போதைய அறை வெப்பநிலை, செயலி தொட்ட உச்சம், பேஸ்ட் மாற்றிய மாதம், இந்த நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெட்டி என்னைப் போன்ற ஒருவரிடம் வந்தால், எங்கே தொடங்குவது என்று உடனே தெரியும். பேஸ்ட் போடவும் ஹீட்சிங்க் பூட்டவும் உங்கள் குழுவில் யாருக்காவது கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தால் எந்தச் சனிக்கிழமை மதியமும் வந்து சொல்லித்தர நான் தயார். கருவிகளை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கணினி பழுதுபார்க்கும் ஒருவன்
சிங்கப்பூர்