டெண்டரையும் கொஞ்சம் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் வட்டார வளர்ச்சித் திட்டங்கள் பற்றி வந்த கட்டுரையில், ஆலோசகர்கள் பழைய அறிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், நகரத் திட்ட ஆலோசகராக வேலை செய்தே என் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். படித்ததும் மனது வலித்தது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது, ஆலோசகர்களிடம் விலை கேட்டு நகராட்சி வெளியிடும் டெண்டர் ஆவணம். அதைப் பற்றி கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

ஒரு நகராட்சியின் டெண்டர் அழைப்பைச் சொல்கிறேன். வரிச் சான்று, உறுதிமொழி என்று பக்கம் பக்கமாகப் படிவங்கள். செய்யவேண்டிய வேலை மட்டும் ஒரே பத்தியில். கையில் என்ன வரைபடம் இருக்கிறது, எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், மக்களை எத்தனை முறை கூட்டவேண்டும், எதுவும் இல்லை. விளக்கக் கூட்டத்தில் கேட்டேன். "ஆவணத்தில் உள்ளபடி" என்றார்கள். நான் ஒவ்வொரு வார்டிலும் மக்கள் கூட்டம் நடத்துவதாக வைத்து விலையைக் கணக்குப் போட்டேன். வென்றவர் ஊருக்கே ஒரு கூட்டம் என்று போட்டிருந்தார். 5 கோடி ராண்ட் வரையுள்ள டெண்டரில் நூற்றுக்கு 80 புள்ளி விலைக்கே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தகுதிக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தாலும், அதைத் தாண்டியவர்களுக்குள் திறமைசாலி யார் என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. வேலையைத் தெளிவாக எழுதாவிட்டால், குறைவாகச் செய்ய நினைப்பவரே குறைந்த விலை போடுவார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும், சரிவான நிலம் பற்றியோ ஆற்றின் வெள்ள எல்லை பற்றியோ ஒரு வரிகூட இல்லாத அழைப்பைப் பார்த்தேன். கேட்காததை யார் செய்து கொடுப்பார்கள்?

இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த, 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் இந்திய வம்சாவளி மக்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது யாரும் நம்மைக் கேட்கவில்லை. 2000-ல் வந்த நகராட்சி அமைப்புச் சட்டம் மக்களைக் கேட்டே ஆகவேண்டும் என்கிறது. சரி, கேட்கிறார்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு! மாலையிலும் சனிக்கிழமையிலும் கூட்டம் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

இதையெல்லாம் முன்பும் உங்களுக்கு எழுதினேன். இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். இடநெருக்கடி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது சின்ன உதவி. நம் பகுதிக்கான திட்ட டெண்டர் வெளிவரும்போது, வேலை விவரம் உள்ள அந்த ஒரு பத்தியையும் கடைசித் தேதியையும் தமிழில் போடுங்கள். 1 கோடி ராண்டுக்கு உட்பட்ட வேலைக்கு 14 நாள் அவகாசமே போதும் என்று விதி இருக்கிறது. அதனால் அடுத்த மாத இதழுக்கு என்று தள்ளிவைக்காமல் உங்கள் இணையப் பக்கத்தில் உடனே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகரத் திட்ட ஆலோசகர்,
சாட்ஸ்வர்த்