வர்க்கி டப்பாவில் இருக்கும் காகிதங்கள்

அருவங்காடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். இரண்டு வாரமாக மழை விடவில்லை, துணி எதுவும் காயமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு போனில் உன் பக்கத்து வீட்டுக்காரரின் அடக்கத்தைப் பற்றிச் சொன்னாயே. அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவருக்கு அரசாங்கக் கல்லறைத் தோட்டத்தில் இடம், பெயர் வெட்டிய கல், பின்னால் மனைவிக்கும் அங்கேயே இடம், முக்கோணமாக மடித்த கொடி. "நம்ம ஊர்ல உங்களுக்கு என்னப்பா தருவாங்க?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன்.

கல்லும் கிடையாது, இடமும் கிடையாது கண்ணு. 2008 ஜூன் 27இல் நம் பழைய ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா ஐயா நம் வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். ஊட்டி பார்சி கல்லறையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர் ஃபீல்ட் மார்ஷல், ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் மேலான பதவி, அதற்கு ஓய்வே இல்லை. நான் பென்ஷன் வாங்கும் ஹவில்தார். எனக்கு நம் முன்னாள் படைவீரர் சங்கத்து ஆட்கள் ஒரு மலர் வளையம் கொண்டு வருவார்கள், அது போதும். யாராவது ஆர்வத்தில் கடையில் தேசியக் கொடி வாங்கி வந்து என்மேல் போர்த்த வந்தால் தடுத்துவிடு. அரசு மரியாதையோ படை மரியாதையோ உள்ள இறுதிச் சடங்குக்குத்தான் அது அனுமதி. மிலிட்டரி கேன்டீன் ரம் கேட்டு வருகிற மாமன்களைத் தடுக்க உன்னால் முடியாது, விட்டுவிடு.

ஈமச்சடங்குக்கு உதவித்தொகை உண்டு. ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நம்பி விறகு வாங்க முடியாது. பெரிய விஷயம் அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப பென்ஷன்.

மேல் வரிசை வீட்டு சுபேதார் போன வருஷம் ஆடி மழையில் போனார். கற்பூர மர விறகு நனைந்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது. அவர் பையன் செலவுக்கென்று அப்பாவின் ஏடிஎம் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தான். இறந்ததை யாரும் தெரிவிக்காததால் இன்னும் இரண்டு மாதப் பென்ஷன் கணக்கில் விழுந்தது, அதையும் எடுத்தான். பிறகு எல்லாவற்றையும் திருப்பிக் கட்டு என்றார்கள். அதற்குள் அந்த அம்மாளின் பெயர் பென்ஷன் ஆர்டரில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் வடக்கத்தி கிளார்க் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டது. ஐந்து மாதம் கையில் ஒரு பைசா வரவில்லை. தோட்டத்துக் கேரட்டைப் பிடுங்கி விற்றுத்தான் அந்த அம்மா சாப்பிட்டாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்து காகிதங்கள் வைத்திருக்கும் நம் வர்க்கி பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஈரம் புகாமல் இருக்க ஒரு துணியில் அரிசி முடிந்து போட்டிருக்கிறேன், அப்படியும் பென்ஷன் ஆர்டரின் ஓரத்தில் பூஞ்சை. அதில் உன் அம்மா பெயர் 'அம்மா' என்று முடிகிறது. ஆதாரில் 'அம்மாள்'. பிறந்த வருஷமும் மூன்று வருஷம் தள்ளி இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவன் நான், இதைக் கவனிக்கவில்லை பார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அழுது முடித்ததும் என் ஏடிஎம் கார்டை எடுத்து டப்பாவில் பூட்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கு, எல்லோரும் ஒன்று கேட்பார்கள். ராணுவப் பென்ஷனுக்கான இணையதளம் ஸ்பர்ஷில் தெரிவி. நான் இறந்த நாள் வரைக்குமான பாக்கி தனியாக வரும், மறுநாளிலிருந்து அம்மாவின் கணக்கு தொடங்கும். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 9,000 ரூபாய்க்குக் குறையாது, மேலே அகவிலைப்படி. முதல் ஏழு வருஷம் 50 சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது எனக்கு 67 வயது ஆகும்வரைக்கும்தான், நான் அதைத் தாண்டி நாலு வருஷம் ஆகிறது. மருத்துவ அட்டையும் கேன்டீனும் அம்மாவுக்குத் தொடரும். டிக்கெட் எடுத்து ஓடி வருவதை விட இதெல்லாம் முக்கியம். நீ வருவதற்குள் எப்படியும் என்னை எடுத்துவிடுவார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பெயரை நான் இருக்கும்போதே சரி செய்துவிட வேண்டும். ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வெலிங்டனில்தானே, பஸ்ஸில் கொஞ்ச நேரம். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேன்டீனுக்கு என்று சொல்லியிருக்கிறேன், பிரஷர் குக்கர் வாங்கும் ஆசையில் இப்போதே புடவை எடுத்து வைத்திருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது கேட்பாள். சரி, முதலில் குக்கரை வாங்கிக் கொடுத்துவிட்டே போகிறேன்.

அன்புடன்,
அப்பா