என் கை வலியை நம்பியவர்களுக்கு

வலி மருத்துவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் அக்காவுக்கும் அக்கா மகனுக்கும், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவருக்கும், நான் பார்த்தேயிராத சில ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

நேரில் சொன்ன நன்றி போதவில்லை. எலும்பு சேர்ந்த பிறகும் வலி போகாமல் திண்டாடும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் உதவும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

மணிக்கட்டு முறிவு சின்னதுதான். மாவுக்கட்டைப் பிரித்தபோது எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்தது. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கை வீங்கியது, நிறம் மாறியது, சட்டை உரசினாலே எரிந்தது. விரலை மடக்க நினைத்தால் அது யோசித்து, தயங்கி, பிறகுதான் மடங்கும். முதலில் காட்டிய இடத்தில் “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர், “கண்ணை மூடினால் அந்தக் கை பெரிதாக இருப்பதுபோலத் தோன்றுகிறதா?” என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. நோயின் பெயர் சிஆர்பிஎஸ், அதாவது காயம் ஆறிய பிறகும் கையிலோ காலிலோ கடும் வலி தங்கிவிடும் நோய் என்றீர்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்தீர்கள்.

அசையச் சொல்லி மூளை கட்டளை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்கிறது. அசைந்தால் என்ன உணர்வு திரும்பி வர வேண்டும் என்று அதை வைத்து முன்கூட்டியே கணிக்கிறது. தசை, மூட்டு, தோல், கண் இவை அனுப்பும் செய்தி அந்தக் கணிப்போடு ஒத்துப்போனால் நாம் எதையும் கவனிப்பதில்லை. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். 1950இல் ஜெர்மனியில் வான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஸ்டேட்டும், அமெரிக்காவில் ஸ்பெரியும் தனித்தனியாக இந்த நகலைப் பற்றி எழுதிவிட்டார்கள். என் விஷயத்தில், நீண்ட நாள் அசையாமல் கிடந்த கையைப் பற்றி மூளை வைத்திருந்த வரைபடம் மங்கிப்போயிருக்கலாம். அதனால் கட்டளை ஒன்று, திரும்பி வரும் செய்தி வேறொன்று என்று ஆகியிருக்கலாம் என்றீர்கள். ஓடும் பேருந்தில் புத்தகம் படிக்கும்போது கண்ணும் உள்காதும் முரண்பட்டுக் குமட்டல் வருவதுபோல, இந்த முரண்பாடு வலியைத் தரலாம் என்று 1999இல் ஹாரிஸ் என்பவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியதையும் சொன்னீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் விடவில்லை. 2005இல் கேண்டி மெக்கேப் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் நோயில்லாத 41 பேருக்கு நடுவில் கண்ணாடி வைத்து, மறைந்த பக்கத்தின் இடத்தில் மறுபக்கத்தின் பிம்பம் தெரியும்படி செய்து, இரண்டு கைகால்களையும் எதிரெதிராக அசைக்கச் சொன்னார்கள். அதில் 27 பேருக்கு மரப்பு, கனம், சூடு என்று ஏதாவது வினோத உணர்வு வந்தது, சிலருக்கு வலியும். ஆனால் பிறகு வந்த சோதனைகளில் வினோத உணர்வு கிடைத்த அளவுக்கு வலி கிடைக்கவில்லை. ஆகவே முரண்பாடு மட்டுமே வலியை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வலி உள்ளவரிடம் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், நரம்பிலும் திசுவிலும் நடக்கும் அழற்சிக்கும் பங்கு உண்டு என்றீர்கள். இப்படி அளந்து சொன்னதால்தான் உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிசியோதெரபிஸ்ட் அவர்களே, உங்கள் பொறுமைக்கு என்ன சொல்வது! வந்தவுடனே கண்ணாடியை வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். 1990களில் நரம்பியல் ஆராய்ச்சியாளர் ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் மாய உறுப்பு வலிக்கு, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டும் கண்ணாடிப் பெட்டி வைத்ததைப் படித்திருந்தேன். நீங்கள் அவசரப்படவில்லை. 2003இல் அதே மெக்கேப் குழுவினர் சிஆர்பிஎஸ் உள்ள எட்டு நோயாளிகளிடம் பார்த்தபோது, நோய் வந்த புதிதில் கண்ணாடி உதவியது, பல வருடம் ஆனவர்களுக்கு உதவவில்லை என்றீர்கள். அதனால் வலி ஆராய்ச்சியாளர் லொரிமர் மோஸ்லி வகுத்த வரிசைப்படி போனோம். முதலில் படத்தில் இருப்பது இடக்கையா வலக்கையா என்று சொல்வது. பிறகு அசைக்காமலே அசைப்பதாகக் கற்பனை செய்வது. கண்ணாடி கடைசியில்தான். கேட்க விளையாட்டாக இருக்கும். வலிக்கும் கையின் படத்தைப் பார்த்து இடமா வலமா என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

தொடு பயிற்சியும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது பேனா மூடியா தக்கையா, எந்த இடத்தில் தொட்டது என்று சொல்ல வேண்டும். சும்மா தொட்டுவிட்டால் பலனில்லை, கண்டுபிடிக்க முயன்றால்தான் மூளை அந்த இடத்தைத் திரும்பக் கவனிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொன்னீர்கள்.

அக்கா, தினமும் அந்த மூடியையும் தக்கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நீதான். தப்பாகச் சொன்னால் சிரிப்பாய், வலித்தால் உடனே நிறுத்திவிடுவாய். “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை, அது போதும். பத்திரிகைகளிலிருந்து கைகளின் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டித் தந்த உன் மகனுக்குத் தனி நன்றி. தலைகீழாக ஒட்டிய படங்கள்தான் எனக்கு மிகக் கடினம்; அது தெரிந்தே நிறைய ஒட்டியிருக்கிறான்.

பக்கத்து மேசைக்காரரே, என் பங்குத் தட்டச்சையும் நீங்களே செய்தீர்கள். “இன்னுமா வலிக்குது?” என்று ஒருமுறைகூடக் கேட்காததற்கும் சேர்த்து நன்றி.

அந்தச் சோதனைகளுக்கெல்லாம் கையைக் கொடுத்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மோஸ்லியின் ஒரு சோதனையில் வலிக்கும் கையைப் பெரிதாக்கிக் காட்டியபடி அசைக்கச் சொன்னபோது அசைவால் வரும் வலியும் வீக்கமும் கூடின, சிறிதாக்கிக் காட்டியபோது குறைந்தன. ஏற்கெனவே வலியில் இருந்தவர்கள் இன்னும் வலிக்கலாம் என்று தெரிந்தே அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது சட்டை உரசினால் எரிவதில்லை. பொத்தானும் போட முடிகிறது. குளிர் நாட்களில் கை இன்னும் முரண்டு பிடிக்கும். எல்லோருக்கும் இதே வழி ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை.

கை அட்டைகளைப் பிசியோதெரபி அறையிலேயே கொடுத்துவிட்டேன். தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தலைகீழ்ப் படங்களை முதல் வாரம் எடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் பழைய நோயாளி, தங்கை, சித்தி, சக ஊழியர்